ஓடைக்குப் பத்திரம் கிடையாது

நோட்டீஸ் ஒட்ட வந்தவரை வெல்டர் அடித்தது தப்பு என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. பசை வாளியை அவர் தலையில் கவிழ்த்து, அந்த வாளியின் மேலேயே சுத்தியலால் ஒரு போடு போட்டதுதான் கொஞ்சம் அதிகம் என்றார்கள். வந்தவர் காது இரண்டும் கொய்யென்று இரைய, கண்ணில் பசையோடு வந்த வழி தெரியாமல் ரேடியேட்டர் கடைக்குள் நுழைந்து, அங்கே இருந்த தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிவிட்டு, கழுவிய கையோடு திரும்பி வந்து நோட்டீஸை ஒட்டிவிட்டுத்தான் போனார். அரசாங்க வேலை என்றால் அப்படி. அடி வாங்கினாலும் ஒட்டாமல் போவதில்லை.

அது பட்டறைத் தெரு. லேத்து, டயர், ரேடியேட்டர், கண்ணாடி வெட்டுகிற கடை என்று வரிசையாகப் போய், கடைசியில் வெல்டரின் இடம். ஆறு தூண்கள், அவற்றின் மேல் ஒரு தளம், தளத்துக்கு மேல் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். கீழே பட்டறை, மாடியில் வீடு என்று திட்டம். திட்டம் பாதியில் நின்று இரண்டு வருடமாகிறது. தூண்களுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெல்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓடை. ஓடை என்று சொல்வது பழைய மரியாதைக்காக. கறுப்பாக, சோப்பு நுரையோடு, தெருவின் எண்ணெயை எல்லாம் ஏந்திக்கொண்டு கணுக்கால் ஆழத்தில் ஒரு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நர்சரி. கறுப்புப் பைகளில் ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்து விற்கிற ஒரு நடுவயதுத் தம்பதி.

வெல்டர் செய்யாத கேட் அந்த ஊரில் இல்லை. அவர் வைக்கிற பற்று லேசில் விடாது. கையும் அப்படித்தான். விழுந்தால் விழுந்ததுதான். அவர் பற்றவைப்பதை அரைத்து, தேய்த்து, சிவப்பு பிரைமர் அடிப்பது அவர் மனைவி. பதினாலு வருடமாக அடித்ததில் அவள் விரல் இடுக்குகளில் சிவப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தெருவே அவளைப் பெயின்ட்டக்கா என்றது. ஊரெல்லாம் கதவு செய்து கொடுக்கிற வீட்டில், அவர்கள் படுக்கிற இடத்துக்கு ஒரு சாக்குப் படுதாதான். மாடியில் ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். பெயின்ட்டக்காவுக்கு அந்தக் கட்டடத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். எதற்குத் தாழ்ப்பாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கேட்க வேண்டியதும் இல்லை.

நோட்டீஸ் சொன்னது இதுதான். நீர்வழியின் கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. இந்தக் கட்டடம் ஏழு மீட்டரில் நிற்கிறது. இருபத்தோரு நாளில் கட்டட அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் காட்டாவிட்டால் இடிக்கப்படும். இதைச் சொல்ல அவர்களுக்கு நாலு பக்கம் வேண்டியிருந்தது. நாலாம் பக்கத்தில் மட்டும் ‘இடிக்கப்படும்’ என்பது தனி வரியாக, எல்லோருக்கும் புரிகிற தமிழில் இருந்தது.

பெயின்ட்டக்கா தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

தம்பியைத் தெரு ‘பிளான் சார்’ என்றது. படம் வரைகிற படிப்பை இரண்டு வருடம் படித்து மூன்றாம் வருடம் படிப்பை மன்னித்து விட்டுவிட்டவர். அட்டையில் ‘கட்டட மற்றும் சுற்றுச்சூழல் அனுமதி ஆலோசகர்’ என்று போட்டிருந்தார். அட்டை கெட்டியானது, டீ கிளாஸுக்கு அடியில் வைக்கலாம். வாடிக்கையாளர்களிடம் அவர் பேசுவது எழுத்துத் தமிழ். “உரிய ஆவணங்களை உரிய காலத்தில் உரிய அலுவலரிடம் சமர்ப்பிப்போமாயின்” என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் பாதியில் எழுந்து கும்பிட்டுவிடுவார். பயம் வந்தால் மட்டும்தான் பேச்சுத் தமிழுக்கு இறங்குவார். மாமாவின் பட்டறைக்குள் நுழையும்போதே பாதி இறங்கிவிட்டிருந்தார்.

அவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. கட்டட அலுவலகத்தில் போய் நின்றால் சுற்றுச்சூழல் அனுமதி எங்கே என்பார்கள். சுற்றுச்சூழல் அலுவலகத்தில் போய் நின்றால் கட்டட அனுமதி எங்கே என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்தே கிழவனானவர்கள் உண்டு. பிளான் சார் ஒரே நாளில், ஒரே மணியில், இரண்டு இடத்திலும் மனுவைப் போட்டு, ஒவ்வொன்றிலும் மற்றதன் ரசீது எண்ணை எழுதிவிடுவார். இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டு முத்திரை குத்தும்.

ஓடைக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. மனை, தூண், சுவர், வடிகால் எல்லாவற்றையும் அளந்து மையில் போட்டுவிட்டு, ஓடையைக் கடைசியில், நீலப் பென்சிலால், கையாலேயே வளைத்து விடுவார். எங்கே வசதியோ அங்கே. “வீட்டுக்குப் பத்திரம் உண்டு, ரோட்டுக்கு சர்வே நம்பர் உண்டு. ஓடைக்கு என்ன உண்டு? வந்து ஆட்சேபணையா சொல்லப்போகுது?” என்பார். அந்த ஓடையின் இரு கரையிலும் இப்படி இருபத்து மூன்று கட்டடங்களுக்கு வரைந்திருந்தார். அவ்வளவு படங்களையும் வரிசையாகத் தரையில் ஒட்டினால், ஓடை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வெட்டுக்கிளி மாதிரி தாவித்தான் போக வேண்டும். இதுவரை யாரும் ஒட்டிப் பார்த்ததில்லை. நாற்றத்துக்குப் பயந்து எந்த அதிகாரியும் கட்டடத்தின் பின்பக்கம் போனதும் இல்லை.

மாமாவின் படத்தில் ஓடையைப் பதினைந்தரை மீட்டரில் விட்டார். பார்க்க அழகாக இருந்தது. மனுவை நிரப்பும்போதுதான் முதல் ரத்தம்.

அனுமதி நில உரிமையாளர் பேரில்தான் கிடைக்கும். நிலம் பெயின்ட்டக்காவின் அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. தன் வியர்வையில் எழும்பின தூணுக்குத் தன் பெயர் இல்லையா என்று வெல்டர் கேட்டார். கேட்டது மச்சானிடம். அடித்தது மனைவியை. டீயை இறக்கிக்கொண்டிருந்தவளின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை. அவள் கொதிக்கிற பாத்திரத்தை விடவில்லை. விட்டிருந்தால் காலும் போயிருக்கும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் வந்தது பிரைமரா ரத்தமா என்று தம்பிக்குத் தெரியவில்லை. அவர் மனுவிலேயே கண்ணாக இருந்தார். “உரிமையாளர் இங்கே கையெழுத்திட வேண்டும்” என்று தாளை நீட்டினார். அவள் போட்டாள். அன்றிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை. யாராவது பேசினால் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டுவது பழக்கமாயிற்று. வெல்டர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் அடித்தார்.

வெயில் கொளுத்திய மாதம் அது. தகரக் கொட்டகைக்குள் பகலில் இருக்க முடியாது. தூண்களின் நிழலில் கேட்டை நிறுத்தி அவள் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அவர் கண்ணாடி முகமூடிக்குள் வியர்த்துக் கொட்ட, பொறி பறக்கப் பற்றவைத்துக்கொண்டே இருப்பார். மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும். பேச்சு கிடையாது. வேலை நடக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அமைதிதான். வேலை நின்றால்தான் பயம்.

பதினாறாம் நாள் கடிதம் வந்தது. விதி மாறிவிட்டதாம். கள ஆய்வாளர் வியாழக்கிழமை நேரில் வந்து, நீர்வழியின் கரையில் நின்று, நாடா பிடித்து அளந்து, நின்ற இடத்தைப் போட்டோவும் எடுத்துக் கணினியில் ஏற்றுவார். படமும் இடமும் ஒத்துப்போனால் அனுமதி. இல்லையென்றால் மறுநாளே இயந்திரம்.

வெல்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மச்சானைப் பார்த்து, படத்தில் ஓடை எங்கே இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம் பெயின்ட்டக்காவுக்குத் தெரியும். அவள் தேய்ப்புத் தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குள் வெல்டர் மச்சானின் வலது கையைப் பிடித்து, அப்போதுதான் பற்றவைத்து வைத்திருந்த இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு மங்கிப்போன இரும்பு. சிவப்பு மங்கினால் ஆறிவிட்டது என்று வெளியாட்கள் நினைப்பார்கள்.

பிளான் சார் போட்ட சத்தத்தில் லேத்துக்காரர் மிஷினை நிறுத்தினார். என்னவென்று தெரிந்துகொண்டு மறுபடி ஓட்டினார். பெயின்ட்டக்கா புருஷனின் முதுகில் சுத்தியல் பிடியால் இரண்டு போட்டாள். அவர் திரும்பி அவளை ஓர் உதை உதைத்துவிட்டு, மறுபடி மச்சான் பக்கம் வந்தார். தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு தரையில் கிடந்த பிளான் சார், பற்கள் கிட்டித்த நிலையில், தொழில் வாழ்க்கையிலேயே சிறந்த ஆலோசனையைச் சொன்னார்.

“படத்தை மாத்த முடியாது மாமா. முத்திரை விழுந்தாச்சு. ஓடையைத்தான் மாத்தணும்.”

வெல்டர் யோசித்தார். நியாயமாகப் பட்டது.

புதன்கிழமை காலை பொக்லைன் வந்தது. நர்சரிக்காரரும் அவர் மனைவியும் வாரா வாரம் அன்றைக்குக் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெயின்ட்டக்கா சொல்லிப் பார்த்தாள். அவர்கள் நிலத்தில் எட்டு மீட்டர் போகிறது, அவர்களும் மனுஷங்கதானே என்றாள். கேட்டால் கொடுப்பார்களா என்று வெல்டர் கேட்டார். கொடுக்கமாட்டார்கள் என்றாள். அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும் என்று முடித்துவிட்டார்.

பொக்லைன் டிரைவர் இந்த வேலைக்குப் புதியவர் இல்லை. போன வருடம் ஒரு குளத்தையே சுருட்டி மூலையில் வைத்ததாகச் சொன்னார். வெற்றிலை போடுகிறவர் எச்சில் துப்ப இடம் பார்க்கிற மாதிரி இரண்டு கரையையும் ஒரு தரம் பார்த்தார். முதலில் அந்தப் பக்கம் புதுத் தடம் வெட்டினார். வெட்டிய மண்ணை இந்தப் பக்கத்துப் பழைய தடத்துக்கு அருகில் குவித்தார். கடைசியில், மேல்பக்கம் ஒரு குத்து, கீழ்பக்கம் ஒரு குத்து. ஓடை ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னபடி கேட்டது. பழைய தடத்தில் சேறும், டயரும், ஒரு ஒற்றைச் செருப்பும், வாயைத் திறந்து திறந்து மூடுகிற நாலைந்து மீனும் மிச்சம். அதன்மேல் மண் விழுந்தது. அந்தத் தண்ணீரில் மீன் இருந்தது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

வெட்டு போகிற வழியில் நர்சரியின் நாற்றுப் பைகள் இருந்தன. பெயின்ட்டக்கா இயந்திரத்துக்கு முன்னால் ஓடி ஓடிப் பைகளைத் தூக்கிச் சுவரோரம் அடுக்கினாள். ஒரு கைக்கு மூன்று பை. வாளி அவள் தலைக்கு மேல் வந்து நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், அவள் இன்னும் மூன்று பையோடு நகர்வாள். வேலை கெடுகிறது என்று வெல்டர் கத்தினார். அவளுடைய கேட்காத காதுதான் அவர் பக்கம் இருந்தது. கையிலிருந்த திருகு சாவியை எறிந்தார். அது தோளில் பட்டுக் கை செத்துப்போயிற்று. அப்புறம் ஒற்றைக் கையால் தூக்கினாள். முந்நூறுக்கு மேல் காப்பாற்றினாள். மிச்சம் ஓடைக்கு அடியில் போயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்கு நர்சரி வண்டி வந்தது.

நர்சரிக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. செடிகளோடு இருந்து இருந்து அப்படி ஆனவர். வண்டியிலிருந்து இறங்கி, தன் நிலத்தின் நடுவில் ஓடுகிற ஓடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மண்வெட்டியை எடுத்தார். புது ஓடைக்குள் இறங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல், கரை மண்ணை வெட்டித் தண்ணீருக்குள் போட ஆரம்பித்தார். ஓடையைத் திரும்பத் தன் இடத்துக்கு அனுப்புகிற வேலையை அவர் உடனே தொடங்கிவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

வெல்டர் கம்பியோடு வந்தார். குனிந்திருந்தவரின் பின்மண்டையில் முதல் அடி. தேங்காய் உடைகிற சத்தம் என்று கதைகளில் எழுதுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல இருந்தது. அவர் விழவில்லை, திரும்பிப் பார்த்தார். இரண்டாவது அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மூன்றாவது, அவர் தண்ணீரில் விழுந்த பிறகு. நர்சரியம்மா வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, கம்பியைப் பிடிக்க முடியாமல், வெல்டரின் முழங்கையைக் கடித்தாள். கடித்தவள் விடவில்லை. அவர் அவளைத் தூக்கி உதறினார். அவள் வாயில் ஒரு துண்டுச் சதையோடு பைகளின் மேல் போய் விழுந்தாள். பெயின்ட்டக்கா ஓடைக்குள் இறங்கி, முகம் தண்ணீருக்குள் கிடந்தவரைப் புரட்டி, தலையைத் தன் மடியில் ஏந்தி உட்கார்ந்தாள். கறுப்புத் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாகப் போயிற்று. நாலாவது அடிக்கு ஓங்கியவர், மனைவியின் தலை நடுவில் இருந்ததால் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் கம்பி வழுக்கிக் கையை விட்டுப் போயிற்று. நின்றது அவளுக்காக என்று நினைக்க அவளுக்கே தோன்றவில்லை.

போலீஸ் டீ குடித்துவிட்டு வந்தது. ஆம்புலன்ஸ் அதற்கு முன்னால் வந்து போயிருந்தது. வெல்டர் கடிபட்ட கையைக் காட்டி, முதலில் அடிபட்டது தான்தான் என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அதையும் குறித்துக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்.

விசாரணைதான் பார்க்க நன்றாக இருந்தது. லேத்துக்காரர் அப்போது மிஷினைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். டயர்க்காரர் எப்போதும் முதுகு காட்டித்தான் உட்காருவாராம். பொக்லைன் டிரைவருக்குக் கண்ணாடி அழுக்கு. பெயின்ட்டக்காவை யாரும் கேட்கவில்லை. எதற்காகச் சண்டை என்று கேட்டதற்கு, ஓடையை நகர்த்திவிட்டார்கள் என்று நர்சரியம்மா சொன்னாள். கையில் கட்டோடு நின்ற பிளான் சார், ஆவணத்தின்படி ஓடை ஆதியிலிருந்தே இவ்விடத்தில்தான் உள்ளது என்று முத்திரை போட்ட படத்தை விரித்துக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயிற்று. தாளும் தரையும் ஒத்துப்போகிற இடம் அவர் வேலைக்காலத்தில் அதுதான் முதல். ‘காரணம் தெரியவில்லை, சாட்சி இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை கள ஆய்வாளர் வந்தார். எட்டுப் பை வைத்த சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். விசில் எதற்கு என்று கடைசி வரை தெரியவில்லை. நீர்வளம் என்பது நாளைய தலைமுறையிடம் நாம் வாங்கியிருக்கிற கடன் என்று பெயின்ட்டக்காவிடம் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது மூக்கில் கைக்குட்டை. பிறகு கரையில் நின்று நாடாவைப் பிடித்தார். மறுமுனையைத் தூணில் வைத்துப் பிடித்திருந்தது பெயின்ட்டக்கா. பதினைந்து மீட்டர் நாற்பது. போட்டோ எடுத்தார். காலடி மண் புதிதாக இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை. கரையில் உறைந்திருந்ததை மட்டும் சுட்டிக்காட்டி, இது என்ன சிவப்பு என்றார்.

“பிரைமர் சார்” என்றாள்.

அவள் கையைப் பார்த்தார், திருப்தி ஆயிற்று. பெயின்ட் ஓடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். போகும்போது, ஏற்றிவிட்டால் கோப்பு மூடியாகிவிடும், இனி இந்தப் பக்கம் வர எனக்கு வேலையில்லை என்று ஒரு விதமான நிம்மதியோடு சொல்லி, சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வண்டி ஏறினார்.

திங்கட்கிழமை இரண்டு அனுமதியும் வந்தன. பிளான் சார் இடது கையால் கொண்டுவந்து கொடுத்தார். மேலே அவள் பெயர் அச்சில் இருந்தது. அவள் அதை ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அந்த ஐந்து நாளும் அவள் கேட்டுகளுக்கு பிரைமர் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். பற்றவைக்க லேத்துக்காரரின் ஆளை வைத்துக்கொண்டாள். ராத்திரி தூங்கினாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்ற யோசனை இல்லாமல் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை.

தெரு இதற்குள் சமாதானம் பேசி முடித்திருந்தது. டயர்க்காரர் முன்னின்றார். பார்க்காத சண்டையைச் சமாதானம் செய்ய அவருக்குத் தடை இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நர்சரியம்மா ஓடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உதட்டில் இன்னும் வீக்கம் இருந்தது. பெயின்ட்டக்கா ஸ்டூல் போட்டு, டீ ஊற்றி வைத்து, தன் வலது காது அவள் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள். பிளான் சார் தூணில் சாய்ந்து நின்றார்.

“அண்ணனுக்கு எப்படி இருக்கு?”

“தலையில பதினோரு தையல். தோள் எலும்பு சேர ரெண்டு மாசம் ஆகுமாம்.”

“பேசறாரா?”

“பேசறார். செடி பேர்தான் வரமாட்டேங்குது. செம்பருத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். செவப்புப் பூங்கறார். முப்பது வருஷமா அதை வித்த மனுஷன்.” நர்சரியம்மா டீயைத் தொடவில்லை. “நான் சண்டைக்கு வரலை. கோர்ட்டு, வாய்தான்னு என்னால அலைய முடியாது. ஓடையை இருந்த இடத்துல விட்டுடு. நாளைக்கே ஸ்டேஷன்ல போய் கேஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். உன் வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுல இருப்பார்.”

பிளான் சார் தொண்டையைச் செருமினார். அனுமதியின் நிபந்தனைகளுக்கு மாறாக நீர்வழியின் போக்கை மாற்றியமைப்பது என்று ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இனி யாரும் பார்க்க வரப்போறதில்லைன்னு அந்த சாரே சொல்லிட்டுப் போயிட்டார். நாளைக்குக் காலையில பொக்லைன் வருது. ஓடையைத் திருப்பிடறேன். நின்னு பார்த்துக்குங்க.”

நர்சரியம்மாவுக்கு இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்ப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் நாளைக்கு மத்தியானமே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன் என்றாள்.

“போங்க. கேஸை மட்டும் வாபஸ் வாங்காதீங்க.”

எழப் போன நர்சரியம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா சொல்ற நீ?”

“சாட்சி இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க. நான் பார்த்தேன். முதல் அடி பின்னாலேர்ந்து, அண்ணன் குனிஞ்சிருக்கறப்ப. மூணாவது, விழுந்தப்புறம். கம்பி பதினாறு எம்எம், மூணடி. அன்னைக்குக் காலையில அளந்து வெட்டிக் குடுத்தது நான்தான். ஜன்னலுக்குன்னு நினைச்சேன்.”

பிளான் சார் நழுவிப் பேச்சுத் தமிழுக்கு வந்துவிட்டார். “அக்கா, பைத்தியமா உனக்கு? மாமா வெளியில வந்தா உன்னைக் கொன்னுடுவாருக்கா.”

“அதுக்குத்தான்டா வர வேண்டாங்கறேன்” என்றாள்.

புதன்கிழமை ஓடை திரும்பிற்று. டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் அந்தப் பக்கம், இந்த வாரம் இந்தப் பக்கம், அவருக்கு எல்லாம் மண்தான். கட்டடம் பழையபடி ஏழு மீட்டரில் நின்றது, இப்போது அனுமதியோடு. சுவரோரம் அடுக்கியிருந்த நாற்றுப் பைகளை இரண்டு பெண்களும் சேர்ந்து பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அது முடிய மத்தியானமாகிவிட்டது. கை கால் கழுவிக்கொண்டு, ஆளுக்கொரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

ஸ்டேஷன் எழுத்தர் நல்லவர். பொம்பளைப் பிள்ளை ஆத்திரத்தில் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஆண்பிள்ளை என்றால் கை நீளத்தான் செய்யும், நாளைக்குச் சேர்ந்து வாழ வேண்டியவர்கள், யோசித்துக்கொள் என்று புத்தி சொன்னார். தன் வீட்டிலும் அவ்வப்போது நடப்பதுதான் என்று உதாரணமும் சொன்னார். பெயின்ட்டக்கா கேட்காத காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டு அவர் முடிக்கிற வரை பொறுமையாக நின்றாள். முடித்ததும் திரும்பி, எழுதுங்க சார் என்றாள்.

எழுதினார். நேரம், இடம், கம்பி, அடிகளின் எண்ணிக்கை. பிறகு பழைய தாளைப் புரட்டிப் பார்த்து, சண்டைக்குக் காரணம் என்ன என்றார். ஓடையை நகர்த்தினதாக இந்த அம்மா ஒரு பேச்சு சொன்னார்களாமே, போகிற வழியில் இன்றைக்குத்தான் பார்த்தேன், ஓடை எப்போதும் இருந்த இடத்தில்தானே இருக்கிறது என்றார்.

“ஆமா சார். இருந்த இடத்துலதான் இருக்கு.”

“அப்புறம் எதுக்கும்மா அந்த மனுஷன் இப்படிப் போட்டு அடிச்சார்?”

“அவருக்குக் காரணம் வேண்டியதில்லை சார்” என்றாள்.

எழுத்தர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தில் ஆறாத பழைய வடு, அதன் மேலே ஒரு புதியது, அதற்கும் மேலே கேட்காத காது. இலக்கண சுத்தமாக எழுதித்தான் அவருக்குப் பழக்கம். அந்த வரியை மட்டும், அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.